கரண்ட் பில்லைக் கிணற்றடியில் தேடுங்கள்

மட்டக்களப்புக்குப் பக்கத்தில், ஆரையம்பதியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணன், பழைய வீட்டைத் திருத்திக் கட்டுகிறோம். அம்மா, நாங்கள் இரண்டு பேர், பிள்ளைகள் இரண்டு பேர். கிணறு, அரைக் குதிரைவலு மோட்டர், மேலே 1,000 லீற்றர் தாங்கி. கரண்ட் பில் மாதா மாதம் ஏறுகிறது. லண்டனில் இருக்கும் அக்கா, நல்ல பொயிலர் ஒன்றைப் பூட்டி, குழாய்களுக்கெல்லாம் உறை போட்டால் சக்தியும் மிச்சம், சூழலுக்கும் நல்லது என்கிறார். மாரியில் அம்மாவுக்குச் சுடுதண்ணி இல்லாமல் முடியாது. என்ன செய்யலாம்?"

தம்பி, அக்கா சொல்வது அவர் இருக்கும் ஊருக்குச் சரி. அங்கே ஒரு வீட்டில் செலவாகும் சக்தியில் பெரும்பகுதி வீட்டைச் சூடாக்கவும் தண்ணீரைச் சூடாக்கவுமே போகிறது. அதனால்தான் இங்கிலாந்தில் 2005 முதல், புகையோடு வெளியே போகும் வெப்பத்தையும் பிடித்துத் திருப்பித் தரும் வகைப் பொயிலரைத்தான் பூட்ட வேண்டும் என்று விதி வைத்தார்கள். நமக்கு மார்கழி விடியலில்கூட இருபதுக்கு மேல்தான் வெப்பநிலை நிற்கிறது. வீட்டைச் சூடாக்கும் வேலையே இல்லை. தாங்கித் தண்ணீர் வருடம் முழுக்க 27, 28 பாகையை ஒட்டி இருக்கிறது. அங்கே வெப்பத்தைக் காப்பது முதல் வேலை. இங்கே தண்ணீரைக் காப்பதுதான் முதல் வேலை, கரண்ட் மிச்சம் அதன் பின்னால் வரும். இந்த வேலையில் இருபது வருடத்துக்கு மேல் கிணற்றடிகளில் நின்றுவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. 1,000 லீற்றர் தண்ணீரைக் கிணற்றிலிருந்து 10 மீற்றர் உயரத்துக்குத் தூக்க உண்மையில் தேவைப்படும் வேலை 0.03 அலகு கரண்டுக்கும் குறைவு. அதே 1,000 லீற்றரை 27 பாகையிலிருந்து குளிக்கும் சூடான 40 பாகைக்குக் கொண்டுவர 15 அலகு வேண்டும். ஆகவே சுடுதண்ணி என்றால் எத்தனை வாளி என்று எண்ணிச் செலவழிக்க வேண்டும். மோட்டர் பக்கம் விஷயம் வேறு. தூக்குவதற்குச் சொற்பமே போதும் என்றால், பில்லில் ஏறும் மீதிக் கரண்ட் எங்கே போகிறது என்று கேட்க வேண்டும். சின்ன மோட்டர் எதுவுமே கொஞ்சம் வீணாக்கத்தான் செய்யும். ஆனால் பெரும்பாலும் அது போவது சிறுத்த குழாயிலும், காற்று இழுக்கும் மூட்டிலும், கிணற்றுக்குள் குழாயின் அடி நுனியில் இருக்கும் புட் வால்விலும்தான் (ஏறிய தண்ணீர் திரும்பி இறங்காமல் பிடிக்கும் வால்வு அது).

கல்லடிப் பக்கம் ஒரு வீட்டில் நான் பார்த்தது. அதே 1,000 லீற்றர் தாங்கி, அதே அரைக் குதிரைவலு. நிரம்ப இரண்டே கால் மணித்தியாலம் எடுத்தது. மோட்டர் பழசாகிவிட்டது, ஒரு குதிரைவலு வாங்கலாம் என்று வீட்டுக்காரர் முடிவே செய்திருந்தார். நான் தாங்கி மூடியைத் திறந்து பார்த்தேன். தண்ணீர் ஒரே தாரையாக விழவில்லை, துப்பித் துப்பி, வெள்ளையாய் நுரைத்துக்கொண்டு விழுந்தது. அப்படி விழுந்தால் உறிஞ்சும் பக்கத்துக் குழாயில் எங்கோ காற்று புகுகிறது என்று அர்த்தம். மோட்டர் ஓடும்போது உறிஞ்சும் குழாயில் நீர் வெளியே கசியாது, காற்றுத்தான் உள்ளே போகும். அதனால் தரையில் ஈரமே இருக்காது, யாருக்கும் தெரியவும் தெரியாது. தோண்டிப் பார்த்தால் மூன்று மூட்டில் ஒன்றில் பசை சரியாகப் பிடித்திருக்கவில்லை. கிணற்றுக்குள்ளே 1 அங்குலமாக இறங்கிய குழாய், வெளியே வந்ததும் அரை அங்குலமாகச் சுருங்கி, மோட்டர் வரைக்கும் எட்டு எல்போ வளைந்து போயிருந்தது. புட் வால்வைத் தூக்கினால் சல்லடையில் பாதி மணலும் பாசியும்.

மோட்டரை மாற்றவில்லை. கிணற்றுக்குப் பக்கத்தில் சின்னக் கூரை போட்டு அங்கே நகர்த்தினோம். உறிஞ்சும் குழாய் முழுவதையும் 1 அங்குலமாக்கினோம், எல்போக்களை மூன்றாகக் குறைத்தோம், புட் வால்வைப் புதிதாகப் போட்டு அடியிலிருந்து ஒன்றரை அடி மேலே தொங்கவிட்டோம். தாங்கி 35 நிமிடத்தில் நிரம்பியது. அந்த மோட்டர் மணிக்கு அரை அலகுக்குக் கொஞ்சம் மேலே இழுக்கும். தினமும் ஒரு தாங்கி என்று வைத்தால் மாதத்துக்கு ஏறக்குறைய 27 அலகு குறைந்தது. 60 அலகைத் தாண்டும் வீட்டுக்கு முதல் அலகின் விலையே கூடுகிற மாதிரித்தான் நம் கட்டணப் பட்டியல் பல வருடமாக இருக்கிறது. அந்தக் கோட்டை ஒட்டி நிற்கும் வீட்டுக்கு 27 அலகு சின்னத் தொகை இல்லை.

குழாயின் விட்டத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் வீடு திருத்தும்போது சில நூறு ரூபாய் மிச்சம் பார்க்கிற இடம் அதுதான். ஒரே அளவு தண்ணீர் ஓடும்போது குழாயின் விட்டம் பாதியானால், உராய்வில் இழக்கிற சக்தி இரண்டு மடங்கு ஆவதில்லை, ஏறக்குறைய 32 மடங்கு ஆகிறது. மேசனிடம் இதைச் சொல்லுங்கள்: கிணற்றிலிருந்து தாங்கி வரைக்கும் 1 அங்குலம், தாங்கியிலிருந்து இறங்குவது 1 அங்குலமோ முக்காலோ, குளியலறைக்குள் நுழையும் கடைசித் துண்டு மட்டும் அரை அங்குலம். கடையில் கேட்டால் பெரிய மோட்டரைத்தான் காட்டுவார்கள். உங்கள் கிணற்றுக்கும் உங்கள் தாங்கி உயரத்துக்கும் அரைக் குதிரைவலு தாராளம்.

புட் வால்வைச் சோதிக்க ஆள் கூப்பிட வேண்டியதில்லை. இரவு மோட்டரை நிறுத்திவிட்டு, காலையில் அதன் மேலே தண்ணீர் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீர் விளிம்பு வரைக்கும் நின்றால் வால்வு நல்லது. இறங்கியிருந்தால் வால்வு கசிகிறது, அல்லது மூட்டில் காற்று. இதை இந்தக் கிழமையே செய்யுங்கள்.

தாங்கி வழிவதையும் சும்மா விடக்கூடாது. நிமிடத்துக்கு 28 லீற்றர் ஏற்றும் மோட்டரை மறந்து இருபது நிமிடம் விட்டால் 560 லீற்றர் கூரையில் வழிந்து முற்றத்துக்குப் போகிறது. மிதவை சுவிட்ச் ஒன்று போட்டால் அந்தக் கவலை போய்விடும். இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பலன் தரும் சாமான் வேறு எனக்குத் தெரியாது.

அப்புறம் கசிவு. சொட்டுச் சொட்டாய் வடியும் குழாயின் கீழே ஒரு கோப்பையைப் பத்து நிமிடம் வையுங்கள். 200 மில்லிலீற்றர் சேர்ந்தால் நாளுக்கு 28 லீற்றருக்கு மேல் போகிறது, ஒரு ஆளின் குளிப்புத் தண்ணீர். கொமட் கசிவு கண்ணுக்குத் தெரியாது. அதன் தொட்டிக்குள் துணிக்குப் போடும் நீலத்தைக் கொஞ்சம் கரைத்து, கால் மணித்தியாலம் யாரும் தண்ணீர் அடிக்காமல் விடுங்கள். கீழே பேசினில் நீலம் தெரிந்தால் உள்ளே இருக்கும் இறப்பர் மூடி தேய்ந்துவிட்டது. புதிதாக வாங்குவதென்றால் இரண்டு பொத்தான் உள்ளதை, 3 லீற்றரும் 6 லீற்றரும் விடுவதை வாங்குங்கள். பழைய தொட்டி ஒவ்வொரு தடவையும் 9 லீற்றரும் அதற்கு மேலும் கொட்டும்.

இனிச் சுடுதண்ணிக்கு வருகிறேன். அம்மாவின் மூட்டு நோவுக்கு வேண்டியது ஒரு வாளி, 20 லீற்றர். அதை 40 பாகைக்குக் கொண்டுவர 0.3 அலகு போதும். வாளி முழுவதையும் சுடவைக்கத் தேவையில்லை. மூன்றரை லீற்றரைக் கொதிக்கவைத்து மீதிப் பச்சைத் தண்ணீரில் விளாவினால் சரியாக அந்தச் சூடு வந்துவிடும். மின் கேத்தல் இரண்டு தடவை கொதித்தால் ஒரு குளிப்பு. பச்சைத் தண்ணீரை முதலில் வாளியில் விட்டு, அதன் மேலே கொதிநீரை ஊற்றுங்கள். மாறிச் செய்தால் ஆவி முகத்தில் அடிக்கும். பிள்ளைகள் ஓடித் திரியும் வீட்டில், கேத்தலைக் குளியலறைக்குத் தூக்கிப் போவது பெரியவர்கள் வேலையாகவே இருக்கட்டும்.

பலர் பூட்டுவது ஷவர் ஹீற்றர். 3.5 கிலோவாற் இழுக்கும். ஒருவர் பத்து நிமிடம் நின்றால் 0.58 அலகு, அம்மாவின் வாளியைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அம்மாவுக்கு மட்டும், மாரி மூன்று மாதத்துக்கு மட்டும் என்றால் அது பெரிய பாரமில்லை. ஆனால் வீட்டில் பூட்டிவிட்டால் அம்மாவோடு நிற்காது. ஐந்து பேரும் தினமும் பத்து நிமிடம் என்று பழகினால் மாதத்துக்கு 87 அலகு. கல்லடி வீட்டில் நாங்கள் மிச்சம் பிடித்ததைப்போல் மூன்று மடங்கு. பூட்டுவதாயிருந்தால் மெயின் பலகையிலிருந்து தனி வயர் இழுத்து, ஏர்த் சரியாகக் கொடுத்து, ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று பொத்தானை அமுக்கிப் பார்த்த பிறகுதான். 15 அம்பியர் இழுக்கும் சாமானைப் பழைய பிளக்கில் சொருகுவதை நான் எந்த வீட்டிலும் விடமாட்டேன்.

தாங்கியோடு வரும் 50 லீற்றர் ஹீற்றர் உங்களுக்கு வேண்டாம். அதை 60 பாகைக்கு ஏற்ற 1.9 அலகு, அதன் பிறகு சும்மா நிற்கும்போதும் வெப்பம் கசிந்துகொண்டே இருக்கும். கரண்ட் மிச்சம் என்று சூட்டை 40 பாகைக்குக் குறைத்து வைப்பவர்களும் உண்டு. அது கூடாது. வெதுவெதுப்பாய்த் தேங்கி நிற்கும் தண்ணீரில் நுரையீரலைப் பாதிக்கும் கிருமி வளரும். அதனால்தான் தேக்கி வைக்கும் சுடுதண்ணி 60 பாகையில் இருக்க வேண்டும் என்கிறார்கள்.

சூரிய ஹீற்றர் நல்ல சாமான், நம் வெயிலுக்கு மிக நன்றாக வேலை செய்யும். பாசிக்குடாப் பக்கம் விடுதி நடத்துகிறவர் கேட்டால் உடனே போடச் சொல்வேன், அங்கே தினமும் சுடுதண்ணி போகிறது. உங்களுக்குத் தேவை மாரியில், மாரியிலோ வெயில் குறைவு. வருடத்தில் ஒன்பது மாதம் யாரும் தொடாத சுடுதண்ணி கூரையில் கிடக்கும். கடற்காற்றில் அதன் இரும்புக் கால்கள் துருப்பிடிப்பது வேறு. வீடு திருத்தும்போது சுவருக்குள் சுடுதண்ணிக்கான பிபிஆர் குழாய் ஒன்றை மட்டும் புதைத்து நுனியை அடைத்து விடுங்கள், பிறகு மனம் மாறினால் சுவரை உடைக்க வேண்டியிருக்காது. சாதாரணப் பிவிசி சுடுதண்ணிக்கு ஆகாது, இளகிவிடும். அக்கா சொன்ன குழாய் உறை இந்த ஒரு குழாய்க்குத்தான் பொருந்தும்.

வெயில் எறிக்கும் நாளில் வெயிலையே பிடிக்கலாம். எங்கள் பெத்தா, குழந்தை பிறந்த வீட்டில் காலையிலேயே அகன்ற சட்டியில் தண்ணீர் நிறைத்து வேப்பிலை போட்டு முற்றத்தில் வைத்துவிடுவா. பத்து, பதினொரு மணிக்குக் கையை விட்டுப் பார்ப்பா. இதமாக இருந்தால்தான் பிள்ளையைத் தூக்கச் சொல்லுவா. கூரையில் நிற்கும் கறுப்புத் தாங்கியும் அதைத்தான் செய்கிறது. அம்மாவின் குளிப்பை விடியற்காலையிலிருந்து பின்நேரம் நாலு மணிக்கு மாற்றினால், மாரியிலும் பாதி நாள் கேத்தல் தேவைப்படாது. விறகடுப்பு வைத்திருக்கிறீர்கள் என்றால், சோறு இறக்கியபின் தணலின் மேல் ஒரு பானைத் தண்ணீரை ஏற்றிவிடுங்கள். தென்னைமட்டையும் சிரட்டையும் ஆரையம்பதியில் காசு கொடுத்து வாங்கும் பொருளா?

நேரத்தைப் பற்றியும் ஒன்று. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரைக்கும் நாடே விளக்கைப் போடும் நேரம். மழை குறைந்த வருடங்களில் அந்த நேரத்துக்கு எண்ணெய் எரித்துத்தான் கரண்ட் எடுக்கிறார்கள். நம் பக்கம் அப்போது வோல்டேஜும் இறங்கும், மோட்டர் சூடாகும், தண்ணீரும் மெதுவாக ஏறும். பகலில் ஏற்றிவிடுங்கள். ஒரே மூச்சில் முழுத் தாங்கியையும் ஏற்றாமல், காலையில் இருபது நிமிடம், பிற்பகலில் இருபது நிமிடம் என்று பிரித்தால் இன்னும் நல்லது. இதற்குக் காரணம் மோட்டர் இல்லை, உங்கள் கிணறு.

கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மணலில்தான் ஆரையம்பதி இருக்கிறது. அந்த மணலுக்குள் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. உப்புத் தண்ணீர் கொஞ்சம் கனமானது, அதனால் அடியில் நிற்கிறது. கைபென், ஹெர்ட்ஸ்பெர்க் என்ற இரண்டு பேர் நூறு வருடத்துக்கு முன்பே ஐரோப்பியக் கடற்கரைகளில் இதைக் கணக்கிட்டுச் சொன்னார்கள்: கடல்மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் 1 அடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். திருப்பிப் பாருங்கள். மேலே 1 அடி நிரந்தரமாக இறங்கினால், அடியிலிருந்து உப்பு 40 அடி ஏற இடம் கொடுக்கிறோம். கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் பெரிய மோட்டரைப் பூட்டி மணிக்கணக்காக இறைக்கும் வளவுகளில் கிணறு சவர்த்துப் போவது இப்படித்தான். ஒரு வீட்டின் கிணறு மட்டும் அல்ல, வேலிக்கு அப்பால் இருக்கும் கிணறும்.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு நம் கரையோரத்தில் கடல் புகுந்த கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தோம். சேறும் குப்பையும் போயின, உப்புப் போகவில்லை. நன்றாக இறைத்த சில இடங்களில் அடி உப்பு மேலே வந்ததுதான் மிச்சம். பிறகு வந்த மாரிகள்தான் தண்ணீரை மெல்ல மெல்ல இனிப்பாக்கின. அதைக் கண்ணால் பார்த்தவன் என்பதால், ஒரு குதிரைவலு மோட்டர் வாங்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால் எனக்கு நெஞ்சு பதறும்.

ஆகவே கூரைத் தண்ணீரை வீதிக்கு விடாதீர்கள். 1,000 சதுர அடிக் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 9,000 லீற்றருக்கு மேல். கார்த்திகையில் அடைமழை பிடித்தால் அது ஒரு நாள் மழை. முதல் மழையில் கூரை கழுவுப்பட விட்டு, அடுத்ததை வலை கட்டிய வாயுள்ள தாங்கிக்குப் பிடியுங்கள். மிஞ்சுவது வளவுக்குள் மணலில் சுவறட்டும். வலை கட்டாயம், இல்லாவிட்டால் டெங்கு நுளம்பை நாமே வளர்த்ததாகிவிடும். குளிக்கும், பாத்திரம் கழுவும் தண்ணீர் தென்னைக்கும் வாழைக்கும் போகட்டும், கிணற்றடிக்குப் போகக்கூடாது.

உன்னிச்சைக் குளத்துக் குழாய்த் தண்ணீர் உங்கள் ஒழுங்கைக்கு வருகிறதென்றால் குடிக்கச் சமைக்க அதை எடுங்கள். அதுவும் வவுணதீவில் சுத்திகரித்து, கரண்ட் செலவழித்து அனுப்பும் தண்ணீர்தான். மரத்துக்கு விட வேண்டாம்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் திருத்த வேலை தொடங்கும்முன் பார்க்க வேண்டியது: மலசலகூடக் குழி. மணலில் அழுக்குத் தண்ணீர் வடிகட்டப்படாமல் வேகமாக ஓடும். கார்த்திகை, மார்கழியில் நிலத்தடி நீர் முற்றத்தை எட்டிப்பார்க்கும் உயரத்துக்கு வந்துவிடும், அப்போது அடி திறந்த குழியும் கிணறும் ஒரே தண்ணீரில் நிற்கும். அந்தக் கழிவிலிருந்து வரும் நைற்றேற்றுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. கொதிக்கவைத்தால் போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும். உலக சுகாதார நிறுவனம் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் ஆகாது என்கிறது, பால்மா கரைத்துக் கொடுக்கும் கைக்குழந்தைக்குத்தான் ஆபத்து அதிகம். அடியும் சுவரும் பூசிய தொட்டி கட்டி, அதிலிருந்து தெளிந்து வரும் நீரை மட்டும் தள்ளி ஊறவிடுங்கள்.

கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடி இருக்க வேண்டும் என்றுதான் பொது சுகாதாரப் பரிசோதகர்கள் சொல்வார்கள். உங்கள் குழி மட்டுமல்ல, பக்கத்து வளவுக் குழியும் சேர்த்து. மேசன் அத்திவாரக் கயிறு கட்டும்முன் நாடாவைப் பிடித்து இரண்டையும் அளந்து எனக்கு எழுதுங்கள். கிணறு இறங்கிக் கிடக்கும் இந்தப் புரட்டாதிக்குள், தண்ணீர் மேல் விளிம்பிலிருந்து எத்தனை அடியில் நிற்கிறது என்பதையும் அளந்து அனுப்பினால் புட் வால்வை எந்த ஆழத்தில் தொங்கவிடுவது என்று சொல்கிறேன்.